பெயர் வரும் இடத்தில் கிடார்

அம்சவள்ளி அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அதை நான்தான் எழுத வேண்டும். அவளுக்கு நடந்த அநியாயத்துக்கு ஒயர் கொடுத்தவன் நான். அதைத் தீர்த்துக்கொள்ள மைக் கொடுத்தவனும் நானே.

என் பெயர் பஷீர் அகமது. வில்லியனூரில் மைக் செட், பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். அப்பா காலத்துத் தொழில். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கட்சிக் கூட்டம், சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். வயது ஐம்பத்தொன்று. சர்க்கரையும் கோபமும் எனக்குச் சேர்ந்தே ஏறுகின்றன என்று என் மனைவி ரஹ்மத் பீவி சொல்வாள். சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது.

அம்சக்கா கரிக்கலாம்பாக்கத்துக்காரி. சின்ன வயதிலிருந்து நடவு, களை, அறுப்பு. அவள் நடவு நட்ட கழனியில் இப்போது கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். 'லேக் வியூ நகர்' என்று போர்டு இருக்கிறது. ஏரி எந்தப் பக்கம் என்று போர்டு வைத்தவனுக்கே தெரியாது. கழனி போனதும் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் சுவேதாவைப் படிக்க வைத்து ஆளாக்கினாள். அந்தப் பெண் இப்போது வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள்.

அக்கா சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவள் இல்லை. தெருக்குழாயில் யாராவது அவள் குடத்தைத் தள்ளிவிட்டுத் தங்கள் குடத்தை முந்தி வைத்தால் வாயைத் திறக்க மாட்டாள். அந்தக் குடத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வருவாள். அவள் கோபம் அந்த ரகம். அவரவர் பொருளை அவரவர் வாசலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற ரகம்.

இருபது வயதிலேயே ஒப்பாரிக்கு அவள் பேர் போனவள். பாகூர், மங்கலம், ஏம்பலம் வரைக்கும் சாவு வீட்டில் இருந்து ஆள் வரும். அவள் கால் நீட்டி உட்கார்ந்து முதல் அடியை எடுத்தால் பந்தலில் சீட்டாடுகிறவன் சீட்டைக் கீழே வைத்துவிடுவான். நானே எத்தனை சாவில் அவள் முன்னால் மைக்கை வைத்திருக்கிறேன். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அது.

ஒப்பாரிக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு அடி முடியும்போதும் செத்தவரின் பெயரைச் சொல்லி இழுக்க வேண்டும். யாருக்கு அழுகிறோம் என்று போகிற உயிருக்குத் தெரிய வேண்டுமாம். இன்னொன்று, சாவு இல்லாத இடத்தில் அதை வாயில் எடுக்கவே கூடாது. பெண் பிள்ளை விளையாட்டுக்கு அப்படி ராகம் போட்டால்கூட வாயிலேயே ஒன்று விழும். உயிரோடு இருக்கிறவன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தால் அவனுக்குக் குழி வெட்டியாயிற்று என்று அர்த்தம். நம்புகிறவன் நம்பலாம், நம்பாதவன் விடலாம். ஆனால் நம்பாதவனும் அதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்க மாட்டான்.

அக்காவின் தம்பி பச்சையப்பன் என் கூட்டாளி. வில்லியனூர் பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே பெஞ்சு. என்னைவிட அரை அடி உயரம். என் சைக்கிளில் என்னையே பின்னால் உட்கார வைத்து மிதிப்பான். எங்கள் இருவருக்கும் பத்தொன்பது வயது நடந்த வருஷம், மார்கழி மழையில், மோட்டார் கொட்டாயில் ஸ்விட்சைத் தொட்டவன் அப்படியே விழுந்தான். கரன்ட். எடுத்துக்கொண்டு ஓடக்கூட நேரம் இல்லை.

மைக் செட் நானே எடுத்துக்கொண்டு போனேன். வேறு ஆளை அனுப்புகிறேன் என்று அப்பா சொன்னார். கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தேன். அக்கா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினாள். 'என் பச்சையப்பா, என் பச்சையப்பா' என்று ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவள் இழுத்தபோது மரத்தில் கட்டியிருந்த ஹாரன் நடுங்கியது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். ஃபியட் கார். தோள் வரைக்கும் முடி. நாற்பது வயது இருக்கும். பாகூர் சொல்தா வீட்டுப் பிள்ளை, பெயர் சுப்புராயன் என்று கூட்டத்தில் சொன்னார்கள். அவன் அப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் அந்த வீட்டுக்குச் சொல்தா வீடு என்றே பெயர். இவன் பாரீஸில் ஏதோ பாட்டுக் கோஷ்டியில் கிடார் வாசிக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான் என்றார்கள். என் பக்கத்தில் வந்து குந்தினான். கையில் ஒரு டேப் ரெக்கார்டர்.

"தம்பி, உன் ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து ஒரு ஒயர் குடேன். நல்லா விழும். அக்காவுக்கும் ஒரு கேசட் கொண்டாந்து தர்றேன். காலத்துக்கும் வெச்சிக்கலாம்" என்றான்.

கொடுத்தேன். செத்துக் கிடப்பவன் கூட்டாளி, பாடுகிறவள் அவன் அக்கா, குரல் காலத்துக்கும் இருக்கட்டுமே என்று நினைத்தேன். பத்தொன்பது வயது மடையனுக்கு வேறு என்ன தோன்றும்? ஒயரைச் சொருகியவன் நான்தான்.

கேசட் வரவில்லை. அக்காவின் அம்மா ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பச்சையப்பனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. ஸ்டுடியோவுக்குப் போகலாம், போகலாம் என்று நானும் அவனும் சொல்லிக்கொண்டே இருந்தோம். அந்தச் சாவோடு அக்கா ஒப்பாரியை விட்டுவிட்டாள். யார் கூப்பிட்டாலும் போகவில்லை. புருஷன் செத்தபோது சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊரே பேசியது. பேசட்டும் என்று விட்டாள்.

முப்பது வருஷம் இப்படிப் போயிற்று. போன வருஷம் ஒரு நாள் சுவேதா போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரோ ஒரு வடநாட்டுப் பெண் கடற்கரையில் தலையை விரித்துப்போட்டு ஆடுகிறாள். பின்னால் ஒரு குரல். சோறு வடித்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாளாம்.

"எம்மா, இன்னா ஆச்சி?"

"இது நான்டி" என்றாளாம் அக்கா.

சுவேதா தேடி எடுத்தாள். இருபத்து மூன்று நிமிஷப் பாட்டு. இந்த மாதிரிப் பாட்டுக்கு ப்ராக்ரஸிவ் ராக் என்று பெயராம். ஒரே பாட்டு அரை மணி ஓடும், தாளம் நடுவில் நாலு வாட்டி மாறும் என்று எனக்கு அவள்தான் விளக்கினாள். சுப்புராயன் அந்த உலகத்தில் பெரிய ஆள். இப்போது வெறும் 'ரேயன்'. வெளிநாட்டில் வயசான ரசிகர்கள் அவன் டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பாட்டுதான். அதற்கு அவன் வைத்த தலைப்பு 'நேம்லெஸ்'. பெயரில்லாதது.

மூன்று பேரும் என் கடையில் உட்கார்ந்து பெரிய பாக்ஸில் போட்டுக் கேட்டோம். அக்காவின் இருபத்தைந்து வயதுக் குரல். ஒரு அடி முடிகிறது, 'என் பச்சையப்பா' என்று வர வேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் கிடார் அழுகிறது. அடுத்த அடி, மறுபடியும் கிடார். பதினான்கு இடம். பதினான்கிலும் பெயரை வெட்டி எடுத்துவிட்டு அங்கே தன் கிடாரை உட்கார வைத்திருக்கிறான். ஒரு பேட்டியில் வேறு சொல்லியிருக்கிறான். பெயர் தெரியாத ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் குரல், யாருக்கும் சொந்தமில்லாத துக்கம், அதனால் எல்லாருக்கும் சொந்தம் என்று. சுவேதா படித்துச் சொன்னபோது நான் கையிலிருந்த டீ கிளாஸை வீசி அடித்தேன். அக்கா குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். வருஷக்கணக்காகத் தரை துடைக்கிற கை, தானாகப் போய்விட்டது.

"யாருக்கும் சொந்தமில்லியா?" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பாட்டில் பச்சையப்பன் பெயர் வர வேண்டும். குரலில் முடியாவிட்டால் எழுத்திலாவது. சுவேதா விவரமாக எழுதி அனுப்பினாள், தேதியோடு, ஊரோடு, பெயரோடு. நாலு மாசம் பதில் இல்லை. அப்புறம் நவீன்குமார் என்று ஒரு மேனேஜர் போன் பண்ணினான். அக்கா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், நானும் இருந்தேன்.

"மேடம், சார் கிட்ட சொன்னேன். அவரு ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஆனா ரெக்கார்டு ஆனது ஆனதுதான், இனிமே அதுல கை வெக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு. பிப்ரவரில பாகூர்ல அவரோட ஹோம்கமிங் ஷோ இருக்கு. ரெண்டு விஐபி பாஸ் அனுப்புறேன். முன்னாடி உக்காந்து உங்க வாய்ஸ நீங்களே கேளுங்க. எஞ்சாய் பண்ணுங்க."

அக்கா போன் பக்கம் குனிந்து, "சரிப்பா, வர்றோம்" என்றாள்.

அந்த ஷோவுக்கு ஜெனரேட்டர், நாற்காலி, வண்டி நிறுத்தும் இடத்துக்கு அறிவிப்பு மைக் எல்லாம் என்னிடம்தான் சொல்லியிருந்தார்கள். மேடைக்கு வேண்டிய சவுண்டு சென்னையிலிருந்து லாரியில் வந்தது. அக்கா டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு கடைக்கு வந்தாள்.

"ஷோவுல பாட்டு நடுவுல ஜெனரேட்டர நிறுத்திடவா?" என்று நானாகவே கேட்டேன். நாலு நாளாக எனக்கு அதே நினைப்புதான்.

"வேணாம்டா பஷீரு. அவன் நல்லா வாசிக்கணும். எல்லாரும் நல்லா கேக்கணும். எனக்கு உன் மைக்க மட்டும் அஞ்சி நிமிஷம் குடு."

"இன்னா பண்ணப் போற?"

"அவன் எங்கிட்டேர்ந்து இன்னா எடுத்தானோ அத்த அவனுக்கே தரப்போறேன். அவன் பேரோட."

எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து ரஹ்மத்திடம் சொன்னேன். அவள் பதறிவிட்டாள்.

"இன்னாங்க இது, உயிரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வெக்க நீங்க மைக் குடுப்பீங்களா? நாளைக்கி அல்லாவுக்கு பதில் சொல்லணும்."

"சொல்றேன். பச்சையப்பனுக்கும் பதில் சொல்லணும்ல" என்றேன். இரண்டு நாள் என் தட்டில் சோறு போடும்போது கரண்டிச் சத்தம் பெரிசாகக் கேட்டது.

பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். நானூறு நாற்காலி, எல்லாம் என்னுடையது. டவுனிலிருந்து, சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து கார் கார்களாக வந்தார்கள். வெள்ளைக்காரர்களும் கொஞ்சம் பேர். உள்ளூரில் இருந்து சொல்தா வீட்டு உறவுக்காரர்கள் மட்டும் ஒரு வரிசை. நடுவில் சுப்புராயனுடைய அக்கா, எண்பது வயதுக் கிழவி, பட்டுப்புடவையில். வண்டி நிறுத்தும் இடத்தில் தென்னை மரத்தில் இரண்டு ஹாரன் கட்டி, மேசையில் மைக்கை வைத்துக்கொண்டு நான் நின்றேன். சென்னை சவுண்டு இன்ஜினியர் வந்து ஹாரனைப் பார்த்துச் சிரித்தான்.

"அங்கிள், மியூசியத்துக்குப் போக வேண்டியது இது. ஷோ ஸ்டார்ட் ஆனதும் ஆஃப் பண்ணிடுங்க."

"சரி தம்பி" என்றேன். அவன் கன்சோலில் இருந்து எல்லா மைக்கையும் அடைக்கலாம். என் மைக்கை அடைக்க முடியாது. என் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்விட்ச் என் கையில் இருந்தது.

சுப்புராயன் மேடைக்கு வந்தான். எழுபத்தொரு வயது. வெள்ளை முடியைப் பின்னால் முடிந்திருந்தான். உட்கார்ந்துதான் வாசித்தான். கூட நாலு இளவட்டங்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால் நன்றாக வாசித்தான். முப்பத்தைந்து வருஷமாக மேடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறவன் நான், எனக்கும் காது உண்டு. ஏழு ஏழாகத் தாளம் போனது, திடீரென்று ஐந்தாக மாறியது, ஒருத்தனும் தடுமாறவில்லை. அந்தக் கிழட்டு விரல்கள் கம்பியில் நிற்காமல் ஓடின. ஒரு இடத்தில் என் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. இவ்வளவு கையில் இருக்கிறவனுக்கு எங்கள் பையனின் பெயர் எந்த இடத்தில் உறுத்திற்று?

ஏழரை மணி வாக்கில் விளக்கெல்லாம் அணைந்தது. "இது நீங்க எல்லாரும் காத்துக்கிட்டிருந்த பாட்டு. இந்த மண்ணுலதான் அந்தக் குரல் எனக்குக் கிடைச்சுது. யாருன்னு தெரியாத ஒரு தாய்" என்று இங்கிலீஷ் கலந்து சொன்னான். முதல் வரிசையில் அந்தத் தாய் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்னை பாக்ஸில் அக்காவின் பழைய குரல் தோப்பு முழுக்கக் கேட்டது. முதல் அடி. பெயர் வர வேண்டிய இடத்தில் கிடார். ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். இரண்டாவது அடி. கிடார். அக்கா எழுந்தாள். சுவேதா கையைப் பிடித்தாள், அக்கா உதறிவிட்டாள். ஓரமாக நடந்து என் மேசைக்கு வந்தாள். நான் மைக்கைக் கொடுத்தேன்.

அந்தப் பாட்டில் கடைசிக்கு முன்னால் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் நின்று, தோப்பு முழுக்க அமைதி. அரை நிமிஷம் அவன் அப்படியே விடுவான், பிறகுதான் கடைசி கிடார். அந்த அமைதிக்காக அவனுக்கு உலகமே கை தட்டுமாம். அக்கா அதுவரை காத்திருந்தாள். மண்ணில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கொண்டையை அவிழ்த்தாள். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

"பாகூரு மண்ணுல பொறந்தவனே, ஏ சுப்புராயா
சொல்தா வூட்டுக் கடக்குட்டியே, ஏ சுப்புராயா
கடல் தாண்டி ஊரு தாண்டிப் போனவனே, ஏ சுப்புராயா
கட்டையில வேகறதுக்கு வந்தியாடா, ஏ சுப்புராயா"

முப்பது வருஷம் வெளியே வராத குரல். கொஞ்சம் உடைந்திருந்தது, உடைந்ததனால் இன்னும் கூர்மையாக இருந்தது. மியூசியத்துக்குப் போக வேண்டிய ஹாரன் ஏரியைத் தாண்டி அதைக் கொண்டுபோயிற்று.

முதல் பெயரில் சுப்புராயன் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது பெயரில் அவன் கை கம்பியை விட்டுக் கீழே விழுந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. பாரீஸில் எத்தனை வருஷம் இருந்தாலும் பாகூரில் பிறந்தவன்தானே. அந்த நானூறு பேரில் அது நிஜமான சாவுப் பாட்டு என்று புரிந்தது அவனுக்கும் அவன் உறவுக்காரர்கள் ஒரு வரிசைக்கும் மட்டும்தான். அவன் அக்கா எழுந்து, "அய்யய்யோ, எம் தம்பி உயிரோட குந்திக்கினு இருக்குறானே, யாருடி அவ!" என்று அலறினாள். அதையும் ஷோவில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு பெங்களூர்க்காரர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"நரைச்ச தலைய முடிஞ்சிக்கினு, ஏ சுப்புராயா
நாலு ஆளு நடுவுலதான் ஒக்காந்தியே, ஏ சுப்புராயா
அந்த நாலு ஆளு தோளு மாத்தித் தூக்கயில, ஏ சுப்புராயா
வாய்க்கரிசி வாங்கிக்கடா வாயத் தொற, ஏ சுப்புராயா"

இதில் பெரிய கூத்து டிரம்ஸ் வாசித்த பிள்ளைதான். பெங்களூர்ப் பிள்ளை. தமிழ் தெரியாது. அக்கா மார்பில் அடித்துக்கொள்கிற அடியைக் கேட்டு, இது சாரோட சர்ப்ரைஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதே அடியை மெதுவாக டிரம்மில் போட ஆரம்பித்தான். சுப்புராயன் கையைத் தூக்கி நிறுத்து நிறுத்து என்றான். இன்னும் ஏற்று என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அவன் ஏற்றினான். கீபோர்டுகாரனும் சேர்ந்தான். தன் சொந்தக் கோஷ்டியே தாளம் போட, தன் சொந்த மேடையில் உட்கார்ந்து, தன் சாவுப் பாட்டைப் பதினான்கு அடியும் அவன் கேட்டான். அக்கா எண்ணித்தான் பாடினாள். பதினான்குக்கு மேல் ஒன்று கூட இல்லை, குறையவும் இல்லை.

முடித்ததும் நானூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். விசில். ஒரு வெள்ளைக்கார அம்மா அழுதுகொண்டே 'பிராவோ பிராவோ' என்றாள். மேடையில் அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. சாவு வீட்டில் ஒப்பாரி முடித்தவளைக் கை கொடுத்து இன்னொருத்தி தூக்க வேண்டும், அதுதான் முறை. சுவேதா வந்து தூக்கினாள். அக்கா முடியை முடிந்துகொண்டு, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மைக்கை என்னிடம் கொடுத்தாள்.

"ஆஃப் பண்ணிக்கடா" என்றாள்.

எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பாவமோ புண்ணியமோ, வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் திட்டம் போடவில்லை. பெங்களூர்க்காரர்கள் எடுத்த வீடியோ மூன்று நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். பாகூருக்கும் அது வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் ஜனங்களுக்கு ஒப்பாரி என்றால் சாவு. பெயர் சொல்லி, வீடு சொல்லி ஒப்பாரி வைத்திருக்கிறது என்றால் செத்தது உறுதி. யாரும் விசாரிக்கவில்லை. நாலாம் நாள் காலையில் பாகூர் கடைத்தெருவில் பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. 'கண்ணீர் அஞ்சலி. பாகூர் மண்ணின் மைந்தர், பாரீஸ் புகழ் இசைமேதை சொல்தா வீட்டு சுப்புராயன்.' கிடாரோடு அவன் போட்டோ, பக்கத்தில் ஒரு புறா, கீழே பதினேழு பையன்கள் கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பி நிற்கிறார்கள். இத்தனைக்கும் அவன் இரண்டு தெரு தள்ளித் தன் அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தான். பாரீஸிலிருந்தும் ரீயூனியன் தீவிலிருந்தும் உறவுக்காரர்கள் விடாமல் போன். ஒருத்தர் மாலையோடு வந்து கதவைத் தட்டினாராம், திறந்தது அவனே.

அன்றைக்கே நவீன்குமார் எனக்கு போன் பண்ணினான். சார் அந்த அம்மாவைப் பார்க்கணும், வழி காட்டுங்கள் என்றான். எஞ்சாய் பண்ணச் சொன்ன குரல் அழாத குறையாக இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். இதைப் பார்க்காமல் விடுவேனா?

பகல் பன்னிரண்டரை. அக்கா மதிய டூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் புடவை, டிபன் பை. வீட்டு வாசலில் வேப்ப மர நிழலில் சுப்புராயன் நின்றான். உட்காரச் சொல்லவில்லை அவள். மேடையில் பார்த்ததைவிடச் சின்னதாக, ஒடுங்கித் தெரிந்தான்.

"அம்மா, எங்க அக்கா நாலு நாளா சாப்பிடல. நான் இதெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா எனக்கும் தூக்கம் வரல" என்றான். "கண்ண மூடினா என் பேரு கேக்குது. அந்தப் பாட்ட நீங்க திருப்பி எடுத்துக்கணும். அந்த வீடியோவையும் எடுக்கச் சொல்லணும். உங்களுக்கு என்ன வேணும்னாலும் செய்யறேன்."

"ரெக்கார்டு ஆனது ஆனதுதான்" என்றாள் அக்கா. "இனிமே அதுல கை வெக்க முடியாது."

நவீன்குமார் தரையைப் பார்த்தான். தன் வாயால் சொன்னது தன் காதிலேயே வந்து விழுந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

சுப்புராயன் கும்பிட்டான். நிஜமாகவே கையைக் கூப்பினான். அக்கா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். மனசு இளகிவிடுமோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது. டிபன் பையை மாடக்குழியில் வைத்தாள்.

"சரி. ஒண்ணு கேக்கறேன். சொல்லிட்டின்னா, நாளைக்கே அதே தோப்புல, அதே மைக்குல, சுப்புராயன் நூறு வருசம் நல்லா இருக்கணும்னு பாடுறேன். சாமி சத்தியமா."

"கேளுங்கம்மா."

"உன் பாட்டுல நான் யாருக்கு அழுவுறேன்? பேரச் சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். "உங்க... தம்பிதானே?"

"தம்பி ஒறவு. பேரு?"

நவீன்குமார் அவசரமாகப் போனை எடுத்தான். சுவேதா எழுதிய கடிதம் அதில் எங்கேயோ இருக்கும்.

"போன உள்ள வெய்யிப்பா" என்றாள் அக்கா. "முப்பது வருசமா ஊரு ஊரா அவன் சாவத்தான வாசிச்சிருக்க. போனப் பாத்தா சொல்லணும்?"

சுப்புராயன் கண்ணை மூடி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதைச் சொல்ல வேண்டும். நெற்றியில் வியர்வை வந்தது. அந்தப் பாட்டின் இருபத்து மூன்று நிமிஷமும் அவன் தலைக்குள் ஓடியிருக்கும். பெயர் வர வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் அவனுக்குத் தன் கிடார்தான் கேட்டிருக்கும்.

"பழைய டேப்புல இருக்குமில்ல? அதப் போட்டுக் கேட்டுட்டு வா" என்றாள் அக்கா. இப்போது அவள் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கே அந்த டேப் வேண்டும். தம்பியின் பெயரைத் தன் அம்மா கேட்க ஆசைப்பட்ட அந்தக் கேசட்.

அவன் தலையைக் குனிந்தான். "அப்பெல்லாம் மூல டேப்பயே பிளேடால வெட்டி ஒட்டுறதும்மா. வெட்டின துண்ட எல்லாம்... ஸ்டுடியோ குப்பைல போட்டுட்டோம்."

தெருவில் ஒரு லாரி மனைக்கட்டுக்குக் கருங்கல் ஜல்லி ஏற்றிக்கொண்டு போயிற்று. பாரீஸில் ஏதோ ஒரு குப்பைத் தொட்டியில் விழுந்த பதினான்கு துண்டையும் நான் நினைத்துப் பார்த்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இளக்கமும் போய்விட்டது.

டிபன் பையை எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டினாள்.

"அப்ப இரு. அவன் பேரு ஒனக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் ஒன் பேரு அதுல இருக்கட்டும்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விறுவிறுவென்று நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நவீன்குமார் போனில் அந்தக் கடிதத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தான். சுப்புராயன் வேப்ப மரத்தில் கை ஊன்றி நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். என் ஆம்ப்ளிஃபயரில் இருந்து ஒயர் வாங்கியது அவனுக்கு ஞாபகம் இல்லை, என் முகமும் இல்லை.

"பாய், நீங்க இந்தப் பக்கத்து ஆளுதானே. உங்களுக்குத் தெரியுமா அந்தப் பையன் பேரு?"

ஐந்து வருஷம் ஒரே பெஞ்சு. என் சைக்கிள் செயின் கழன்றால் அவன்தான் மாட்டுவான். பெயர் நாக்கு நுனியில் நின்றது.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் மைக் செட் ஆளு" என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.